முதல் டிகாக்ஷன் வம்சம்

‘பில்டர் காப்பி நமது பாரம்பரியம்’ என்று சென்னையில் ஒரு கடைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். என் கொள்ளுத்தாத்தா படித்திருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறியிருப்பார். அவருக்குக் காலையில் நீராகாரம். காப்பி, குடியைக் கெடுக்க வந்த வெள்ளைக்காரச் சனியன். பாபா பூதன் என்பவர் ஏமனிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்ததாகச் சொல்லப்படுவது 17-ஆம் நூற்றாண்டில். எங்கள் கும்பகோணத்து அடுப்படிக்குள் அது நுழைய 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. நுழைந்த இரண்டே தலைமுறையில் பாரம்பரியம் ஆகிவிட்டது.

என் சின்ன வயசில் பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்பார்கள். பீபரி கொஞ்சம், பிளாண்டேஷன் ஏ கொஞ்சம். கைமிஷினில் அரைப்பது பையன்கள் வேலை. பித்தளை பில்டரின் மேலடுக்கில் பொடியைப் போட்டு, குடையை வைத்து அமுக்கி, கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, பொடி ஊறியதும் மிச்சத்தை ஊற்றுவாள் பாட்டி. அப்புறம் யாரும் கிட்டே போகக்கூடாது. அவசரப்பட்டு பில்டரின் மண்டையில் தட்டினால் டிகாக்ஷன் கலங்கிவிடும், பாட்டியும்தான்.

இறங்கியதும் பங்கீடு. முதல் டிகாக்ஷன் தாத்தாவுக்கும் வந்திருக்கிற சம்பந்திக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்கிய இரண்டாவது, பெண்டுகளுக்கும் எங்களுக்கும். மூன்றாவதும் உண்டு, அதில் வெல்லத்தைத் தட்டிப்போட்டு, கொல்லைப்பக்கம் வேலைக்கு வந்தவர்களுக்கு, அவர்களுக்கென்று இறவாரத்தில் செருகியிருந்த தனி டம்ளரில். பாரம்பரியச் சுவரில் நல்லவேளையாக அந்த டம்ளரை வரையவில்லை. திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்பதை எடுக்கச் சொல்லி 1957-இல் பெரியாரின் கழகம் மறியல் செய்ததே, அதுவும் காப்பி சரித்திரம்தான். அதையும் வரையவில்லை.

அந்தக் கடைக்கு என்னை அழைத்துப்போனவன் பேரன். மேஜையில் கண்ணாடிக் குடுவை, காகிதக் கூம்பு, தராசு. 15 கிராம் பொடி, 250 மில்லி தண்ணீர். கடைக்காரப் பையன் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நின்றான். “பொடி மூச்சு விடணும் தாத்தா” என்றான் பேரன். புதிதாக வறுத்த பொடிக்குள் கரியமில வாயு இருக்கும், அது வெளியேறினால்தான் தண்ணீர் சரியாக இறங்கும் என்பது வாஸ்தவம். பாட்டி கடிகாரம் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தைக் குறை சொல்லமாட்டேன். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவி, வாயில் மண்டி அகப்படுகிறதே என்ற எரிச்சலில், பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளை போட்டு, மகனுடைய நோட்டின் மையொற்றுத் தாளை அதற்குள் வைத்து வடித்துப் பார்த்தார். பித்தளை, துளை, பொறுமையின்மை. அந்த அம்மாளைக் கும்பகோணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

காப்பி வந்தது. பால் இல்லை, சர்க்கரை இல்லை. நிறத்தைப் பார்த்தேன்: சந்தேகமே இல்லாமல் எங்கள் வீட்டு மூன்றாம் டிகாக்ஷன். விலை 280 ரூபாய்.

பழைய காப்பியைப் பற்றி உருகி எழுதுகிறவர்களையும் படிக்கிறேன். அத்தனை பேரும் முதல் டிகாக்ஷன் குடித்து வளர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் குடித்தவர்கள் பேனா பிடிக்கவில்லை போலும். வறுத்து, இறக்கி, பங்கிட்ட பாட்டி எல்லோருக்கும் பிறகு, பில்டரைக் கழுவப் போடும்முன் மிஞ்சியதைக் குடித்தாள்.

வீட்டில் பில்டர் வைத்திருப்பவர்களே, நாளைக் காலை முதல் டிகாக்ஷனில் முதல் டம்ளரைக் கலக்குகிறவருக்கே கொடுங்கள். சம்பந்தி காத்திருக்கட்டும்.