ஏழு அடுக்குகள் விஷயமாக ஒரு விண்ணப்பம்

ஜெனீவா மாநகரில் எழுந்தருளியிருக்கும் சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனத்தாரின் மேலான சமூகத்துக்கு, கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் பயிலும் வித்தியார்த்திகளில் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தாங்கள் 1984-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 7498 என்று இலக்கமிட்டு உலகத்துக்கு அருளிய ஓ.எஸ்.ஐ. மாதிரி, அதாவது ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருடன் பேசுகிற காரியத்தை ஃபிஸிக்கல் தொடங்கி அப்ளிகேஷன் ஈறாக ஏழு அடுக்குகளாகப் பகுத்துக் காட்டும் அந்தச் சாஸ்திரம், சென்னையில் சிஸ்கோ கம்பெனியாரின் சி.சி.என்.ஏ. பரீட்சைக்குப் பயிற்றுவிக்கும் வகுப்புகளில் இன்றளவும் பரம க்ஷேமமாக இருந்துவருகிறது. இச்செய்தி தங்களுக்குப் பெருத்த ஆறுதலளிக்கும் என்று நம்புகிறேன். ஏனெனில் வேறெங்கும் அது இவ்வளவு சௌக்கியமாக இல்லை.

அதன் ஜாதகத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கத் தாங்கள் அனுமதிக்கவேண்டும். 1977-இல் தாங்கள் அமைத்த உபகுழுவுக்குத் தலைமை வகித்த சார்லஸ் பாக்மன், டேட்டாபேஸ் துறையில் செய்த பணிக்காக 1973-லேயே ட்யூரிங் விருது பெற்ற மேதை. ஆகவே, மேதைகளுக்குக் குறைவில்லை. ஆனால், பல தேசத்துப் பிரதிநிதிகளும் டெலிபோன் இலாகாக்களும் கம்பெனிகளும் கூடிக் கூடி விவாதித்து, ஒருவர் மனமும் கோணாத வாசகமொன்றைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் அர்ப்பாநெட் என்னும் கம்ப்யூட்டர் வலையமைப்பு 1983 ஜனவரி முதல் தேதியன்று, யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல், டி.சி.பி./ஐ.பி. என்னும் வேறொரு முறைக்கு மாறிவிட்டது. பிறகு 1990-இல் அமெரிக்க சர்க்கார், தன் இலாகாக்கள் வாங்கும் நெட்வொர்க் சாதனங்கள் தங்கள் முறையை அனுசரிக்கவேண்டுமென்று உத்தரவிட்டதும், 1995-இல் அந்த உத்தரவைத் தானே தளர்த்திக்கொண்டதும் தாங்கள் அறியாதவை அல்ல.

இவ்வாறு சந்தையும் சர்க்காரும் கைவிட்டதை எங்கள் உபாத்தியாயர்கள் கைவிடவில்லை. முதல் நாள் வகுப்பில், ஸ்விட்ச் எது, ரவுட்டர் எது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்னமே, பலகையில் ஏழு கோடுகள் கிழிக்கப்படுகின்றன. ஏழின் முதலெழுத்துகளும் வரிசை தவறாமல் நினைவில் நிற்கும்பொருட்டு, சாசேஜ் பீட்சாவைத் தயவுசெய்து தூர எறிந்துவிடாதே என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம் உபதேசிக்கப்படுகிறது. சாசேஜ் இன்னதென்று ஒருநாளும் கண்டறியாத, கண்டாலும் தீண்டாத, சுத்த சைவப் பிள்ளைகளும் அதனை எறியவேண்டாமென்று அதிகாலையில் எழுந்து மன்றாடுகிறார்கள்.

தங்கள் மாதிரியை ஏழு நிலை ராஜகோபுரம் என்று கொண்டால், அதன் ஐந்தாம் நிலையிலும் ஆறாம் நிலையிலும் யார் குடியிருக்கிறார்கள் என்பதே என் பிரதான சந்தேகம். கடைக்காரரிடம் லேயர் 2 ஸ்விட்ச் கேட்டால் எடுத்துத் தருகிறார். லேயர் 3 ஸ்விட்ச் கேட்டால் கூடுதல் விலை சொல்லித் தருகிறார். லேயர் 7 ஃபயர்வால் என்றால் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார். லேயர் 5 சாதனமொன்று வேண்டுமென்று கேட்டவனை அவர் எப்படிப் பார்ப்பார் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ரகசியக் குறியீடாக்கம் ஆறாம் அடுக்கின் தொழில் என்று வகுப்பில் ஒப்பிக்கிறோம். அந்தத் தொழிலை நடைமுறையில் செய்துவரும் டி.எல்.எஸ்., தான் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஏ.ஆர்.பி. என்னும் முறையோ இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் நடுவே வாரிசுரிமை தீராமல் நிற்கிறது. எம்.பி.எல்.எஸ். என்னும் இன்னொரு முறையை இரண்டரை என்று சொல்லி எஞ்ஜினீயர்கள் ராஜி செய்துகொண்டார்கள். முழு எண்களால் ஆன சாஸ்திரத்துக்குள் இந்த அரை புகுந்ததற்குத் தங்கள் ஆக்ஷேபணை ஏதும் இதுவரை எங்கள் வகுப்புக்கு வந்து சேரவில்லை.

இதைக் காட்டிலும் விசித்திரம் ஒன்று உண்டு. ஓ.எஸ்.ஐ. மாதிரியையும் டி.சி.பி./ஐ.பி. மாதிரியையும் ஒப்பிடுக என்பது முந்தைய சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்தின் முதல் வரியாகவே இருந்தது. 2020 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய திட்டத்தில் சிஸ்கோ கம்பெனியார் அந்த வரியைச் சந்தடியில்லாமல் எடுத்துவிட்டார்கள். பரீட்சை நடத்துகிறவர்களே விட்டுவிட்டபின்பும் பயிற்சி கொடுக்கிறவர்கள் விடாமல் இருக்கும் இந்த விசுவாசத்துக்குத் தாங்கள் ஏதேனும் பட்டயம் வழங்குவது தகும். ஆறாம் அடுக்காகிய பிரசன்டேஷன் லேயரின் கடமைகளை உறக்கத்திலும் ஒப்பிக்க வல்ல மாணவன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ரவுட்டரின் போர்ட் ஏன் உயிர்பெறவில்லை என்று அரை நாள் திகைத்து நின்று, கடைசியில் ‘நோ ஷட்டவுன்’ என்று தட்டவேண்டுமென அருகிலிருந்த சீனியர் அண்ணனிடம் கற்றுக்கொள்ள நேர்வதை அந்தப் பட்டயத்தில் குறிப்பிடவேண்டியதில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்லியாகவேண்டும். நெட் வரவில்லை என்று புகார் வந்தால், முதலில் கேபிள், பிறகு ஸ்விட்ச், பிறகு ஐ.பி. விலாசம் என்று கீழிருந்து மேலே படிப்படியாகச் சோதித்துக்கொண்டு போகும் புத்தி தங்கள் மாதிரி எங்களுக்குத் தந்த கொடைதான். அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அந்தக் கொடை முதல் நான்கு அடுக்குகளிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆகையால் என் பிரார்த்தனை சுருக்கமானது. ஐந்தாண்டுகளுக்கொரு முறையேனும் தங்கள் தரங்களை மறுபரிசீலனை செய்வது வழக்கமென்று அறிகிறேன். அடுத்த முறை அவ்விதம் செய்யும்போது, காலியாகக் கிடக்கும் இரு அடுக்குகளையும் கீழே இறக்கிவிடவோ, அல்லது அவை காலியென்று சீல் வைத்த அறிவிப்பொன்றைப் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பவோ திருவுளம் பற்றவேண்டும். புதிய பிரிவு வகுப்புகள் மாதந்தோறும் தொடங்குவதால் காலதாமதம் கூடாது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஏழையும் மனப்பாடம் செய்த ஒருவன்.

பின்குறிப்பு: பதிலை எக்ஸ்.400 முறையில் அனுப்பவேண்டாம். அது தங்கள் குடும்பத்து மின்னஞ்சல் என்பதை அறிவேன். எனினும் எங்களிடம் இருப்பது எல்லாரும் உபயோகிக்கிற சாதாரண மின்னஞ்சல்தான்.