பேக் போடும் சாயங்காலம்

ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பதிவை ‘டெலீட்’ செய்தால் அது உடனே போய்விடாது. அதன் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி விழும், அவ்வளவுதான். ‘ரீகால்’ கொடுத்தால் குறி நீங்கிப் பழையபடி வந்து நிற்கும். தொண்ணூறுகளில் கூட்டுறவுச் சங்கத்திலோ அரிசி மண்டியிலோ கல்லூரி அலுவலகத்திலோ அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது இன்னும் விரல் நுனியில் இருக்கும்.

குறி விழுந்தவற்றை அடியோடு வெளியேற்ற ‘பேக்’ போட வேண்டும். அப்போது அட்டவணை ஒரே ஒருவர் வசம் இருக்க வேண்டும். வேறொரு கணினியில் திறந்திருந்தால்கூட வேலை நடக்காது. அதனால் எங்கள் சங்கத்தில் காசாளர் கல்லாவைப் பூட்டியதும், “எல்லாரும் வெளிய வந்துடுங்க சார், பேக் போடணும்” என்று நான் குரல் கொடுக்க, அவர்கள் புரோகிராமை விட்டு மட்டுமல்ல, அலுவலகத்தை விட்டே டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். காசாளர் மட்டும் போகமாட்டார். குறி விழுந்த பெயர்களை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று தாளில் இறக்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார். “தம்பி, இவரு திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போயிருக்காரு, எடுத்துடாத. இந்த முத்துசாமி வேற, அந்த முத்துசாமி வேற. இவங்கப்பா பேரு வேலப்பன்.” ஒரே இனிஷியல், ஒரே தெரு, ஆங்கிலத்தில் ஒருவருக்கு ‘சாமி’, இன்னொருவருக்கு ‘ஸ்வாமி’. அவர் வாசித்து முடித்த பிறகுதான் 1.44 எம்பி ஃபிளாப்பியில் நகல் எடுப்பேன், பேக் நடுவில் கரண்ட் போனால் கோப்பே கெட்டுவிடும் என்பதால். பிறகு பேக், அதற்குப் பின் ரீஇண்டெக்ஸ். திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிம்மதியை, கதிர் அடித்து நெல்லைத் தூற்றி முடித்தவர்கள் அறிவார்கள்.

அட்டவணையையே பிரித்துக் கட்டியதும் அப்போதுதான். ஒவ்வொரு உறுப்பினர் வரியிலும் ஊர்ப் பெயர் முழுதாக இருந்தது, ஆளுக்கொரு எழுத்தில். ஊர்களுக்குத் தனி அட்டவணை போட்டு, உறுப்பினர் வரியில் குறியீட்டை மட்டும் வைத்தோம். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இலேயே இதற்கெல்லாம் அடிப்படை எழுதி வைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரியவந்தது; எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது கைவலி.

1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஃபாக்ஸ்ப்ரோவுக்கு 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றுபோனது. இப்போது நான் பார்ப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அதிலும் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி உள்ளேயே தங்கும். ஆனால் யாரையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை. 2008இல் வந்த 8.3 பதிப்பிலிருந்து ஆட்டோவேக்யூம் தானாகவே ஓடுகிறது. அமைப்பை மாற்றாவிட்டால், அட்டவணையில் ஐந்திலொரு பங்கும் கூடுதலாக 50 வரிகளும் பழசானதும் புறப்பட்டு வந்து துப்புரவு செய்துவிடும். வேக்யூம் ஃபுல் என்று கேட்டால்தான் அந்தக் காலம் போல அட்டவணை முழுவதையும் தன் பிடியில் வைத்துக்கொள்ளும். எல்லாரையும் வெளியே அனுப்பிக் காத்திருந்த சாயங்காலங்கள் போனதில் எனக்கு மனதார மகிழ்ச்சி.

காசாளரின் வாசிப்பும் அதோடு போய்விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்த வரியின் பழைய வடிவம் யாருக்கும் தேவையில்லை என்பது ஆட்டோவேக்யூமுக்குத் துல்லியமாகத் தெரியும். எந்த முத்துசாமி காலமானார், யார் மகன் வீட்டில் இருக்கிறார் என்பது அதன் வேலையே அல்ல. அந்த வரிகள் அதன் கணக்கில் என்றைக்கும் நல்ல வரிகள்தான்; இல்லாதவருக்கு வட்டி ஏறும், இருப்பவருக்குக் கடிதம் போகாது. அதனால் எங்கள் அட்டவணையில் நீக்கிய தேதிக்கென்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். தேதி விழுந்தவற்றை மார்ச் கடைசியில் பட்டியலாக எடுத்து, ஊர் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்கிறேன். “எக்ஸெல்ல அனுப்பிடட்டுமா சார்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அனுப்புங்கப்பா, ஆனால் அப்பா பெயர்ப் பத்தியையும் சேர்த்து அனுப்புங்கள். பிறகு நேரில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.