குழாய்க்கு ஆதார், திறப்பவருக்கு ஆறுதல்

நம் கிராமங்களுக்குக் குடிநீர் எப்படி வருகிறது என்று பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அமைச்சர் வருகிறார். பந்தல் போடுகிறார்கள். அவர் பொத்தானை அழுத்துகிறார், தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. முதல் குடத்தை ஒரு அக்கா பிடிக்கிறார், அந்த அக்காவைக் கேமரா பிடிக்கிறது. மறுநாள் பேப்பரில் படம். அதற்கு மறுநாளிலிருந்து தண்ணீர் வருவதும் வராததும் ஆண்டவன் செயல்.

இந்த விஞ்ஞான விளக்கத்தில் ஒரே ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். விடியற்காலை மூன்றரைக்கு மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்க்க, டார்ச் லைட்டும் கையுமாக மோட்டார் ரூமுக்கு நடக்கிற ஆள். பேனல் போர்டில் ஸ்டார்ட்டரை அமுக்கி, தொட்டி நிரம்பும்வரை கண்விழித்து, பிறகு தெருத்தெருவாகப் போய் கேட் வால்வைத் திருகுகிற ஆள். அரசுக் காகிதத்தில் அவர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர். ஊரில் டேங்க் ஆபரேட்டர். தண்ணீர் வராத நாளில் அவருக்குச் சூட்டப்படும் பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அத்தனை ஊர்களின் தொண்டையும் இப்படிப்பட்ட மனிதர்களின் கையில் இருக்கிறது. இவர்களுக்குக் கொடுப்பது தொகுப்பூதியம். ஒரு குடும்பம் மாதம் முழுக்கச் சாப்பிடும் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக மிகக் கவனமாக நிர்ணயித்த தொகை அது. கேட்டால், "பகுதி நேர வேலைதானே!" என்பார்கள். உண்மைதான். மின்சாரத்துக்காகக் காத்திருப்பது ஒரு பகுதி. மின்சாரம் வந்தபின் மோட்டாரோடு கிடப்பது இன்னொரு பகுதி. லோ வோல்டேஜில் காயில் புகைந்தால் மெக்கானிக்கைத் தேடி டவுனுக்கு ஓடுவது, உடைந்த பைப்புக்குச் சேற்றில் படுத்து சைக்கிள் டியூப் சுற்றுவது, தண்ணீர் எட்டாத தெருவில் நின்று ஏச்சு வாங்குவது எல்லாம் அடுத்தடுத்த பகுதிகள். மிச்சம் உள்ள நேரம் முழுக்க அவருடைய சொந்த நேரம். தூங்கலாம், விவசாயம் பார்க்கலாம், கடன் கேட்டு அலையலாம்.

ஆளைத்தான் இப்படி வைத்திருக்கிறோமே தவிர, திட்டத்தில் குறையே கிடையாது. 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டது. 2024-க்குள் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய், ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு 55 லிட்டர். 2024 வந்தது, போனது. 2025 பட்ஜெட்டில் கெடுவை 2028-க்குத் தள்ளினார்கள். பரவாயில்லை, தண்ணீர் தாமதமானாலும் கணக்கு தாமதமாகவில்லை. குழாய் இணைப்பு வீட்டுக்காரரின் ஆதார் எண்ணோடு இணைந்துவிட்டது. தொட்டி எங்கே நிற்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு கணினியில் ஏறிவிட்டது. டெல்லியில் உட்கார்ந்தபடி கடலாடிப் பக்கத்துத் தொட்டி ஒன்றைத் திரையில் பார்க்கலாம். அந்தத் தொட்டியின் துருப்பிடித்த ஏணியில் ஒரு கையில் பக்கெட்டோடு ஏறுகிறவர் மட்டும் எந்தத் திரையிலும் தெரியமாட்டார்.

ராமநாதபுரத்தையே எடுத்துக்கொள்வோம். திருச்சி முத்தரசநல்லூரில் காவிரியை உறிஞ்சி, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டிக் கொண்டுவர 616 கோடி ரூபாயில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டினோம். பெருமைப்படத்தக்க வேலை. ஆனால் கடைமடை ஊரின் தரைமட்டத் தொட்டிக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பதைச் சொல்ல அந்தக் கோடிகளில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை போலும். சம்ப்பின் மூடியைத் தூக்கி, எட்டிப் பார்த்துத்தான் ஆபரேட்டர் தெரிந்துகொள்கிறார். தெருவில் காலிக்குடங்களை ஏற்றிய தள்ளுவண்டியோடு ஒரு பெண் நிற்கிறார். "என்னண்ணே, இன்னைக்காவது வருமா?" என்கிறார். காவிரி ஆணையம், உச்ச நீதிமன்றம், இரண்டு மாநில அரசுகள் என எல்லோரும் சேர்ந்தும் தீராத கேள்வி. பதில் சொல்லவேண்டியவர் இந்தத் தொகுப்பூதிய அண்ணன்.

தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் போதுமா? சுத்திகரிக்க வேண்டும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது விதி. 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி நேரமாவது காத்திருந்து, அதன்பின் ஊருக்குத் திறந்துவிட வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தால் தண்ணீர் பத்திரம். படித்தால் அருமையாக இருக்கிறது. எடை போடத் தராசு? கொட்டாங்குச்சி இருக்கிறது. முகமூடி? துண்டு இருக்கிறது. பவுடராவது நல்லதா? புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். ராமநாதபுரத்து வெயிலில் மோட்டார் ரூம் மூலையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் அது நாளுக்கு நாள் ஆவியாகிறது. போகிற போக்கில் ஸ்டார்ட்டரின் செம்பையும் அரித்துவிட்டுப் போகிறது. கடைசியில் தண்ணீரில் விழுவது பெரும்பாலும் சுண்ணாம்பு. வெற்றிலை போடுகிறவர்களுக்கு உபயோகப்படும்.

குளோரின் அளவைச் சோதிக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. குழாய்த் தண்ணீரில் மருந்துத் துளியை விட்டால் மஞ்சளாக மாறும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பெட்டி இருக்கிறது, மருந்து தீர்ந்து வெகுநாளாகிறது. ஆனால் பதிவேடு தீரவில்லை. மழையானாலும் வெயிலானாலும், மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒவ்வொரு நாளும் ஒரே கையெழுத்தில் 0.5. தண்ணீர் மஞ்சளாகாவிட்டால் என்ன, பதிவேட்டின் தாள் மஞ்சளாகிவிட்டது.

அதிகாரி ஆய்வுக்கு வருகிற நாளைப் பார்க்க வேண்டும். ஜீப் வருவதற்கு முன்பே தொட்டித் தூணில் சுண்ணாம்பு அடித்து, "சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள்" என்று நீலப் பெயின்டில் புதுத் தேதி எழுதியாகிவிட்டது.

"குளோரின் போடுறீங்களா?"

"போடுறேன் சார்."

"எவ்வளவு?"

"அளவாத்தான் சார்."

"ரிஜிஸ்டர்?"

நீட்டுகிறார். பக்கம் புரள்கிறது. 0.5, 0.5, 0.5. "வெரி குட்." கையெழுத்து. வெயிலுக்கு ஊராட்சிச் செயலர் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டுகிறார். "இல்லப்பா, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு சார் ஜீப்பில் ஏறுகிறார். உள்ளே போய், சீல் உடையாத பாட்டிலைத் திருகுகிறார். அந்த ரிஜிஸ்டரை அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த 0.5 விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதற்கு உலகத்தில் முன்மாதிரி உண்டு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 5,000 பேர். 2000 மே மாதம் மழைநீரோடு மாட்டுச் சாணக் கழிவு குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 7 பேர் செத்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். குளோரினைச் சோதிக்காமலேயே ஆபரேட்டர்கள் பதிவேட்டில் எண் எழுதிவந்தது விசாரணையில் தெரிந்தது. அவர்களுக்கு முறையான பயிற்சி இல்லை என்பதும் தெரிந்தது. செலவைக் குறைக்கிறேன் என்று கண்காணிப்பைக் கத்தரித்த மாகாண அரசையும் விசாரணை ஆணையம் சேர்த்தே கூண்டில் ஏற்றியது. அதன்பின் பயிற்சியும் சான்றிதழும் கட்டாயமாயின. கனடாக்காரர்கள் விவரம் தெரியாதவர்கள். நம்மிடம் கேட்டிருந்தால், வயிற்றுப்போக்குக்குக் காரணம் திருவிழாச் சாப்பாடு என்று ஒரே நாளில் அறிக்கை கொடுத்துக் கோப்பை மூடியிருப்போம்.

நம் நாட்டில் எந்தத் தொட்டியும் விசாரணையைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்தபின்தான் தெரிந்தது. சி.பி.சி.ஐ.டி., ஒருநபர் ஆணையம், மரபணுச் சோதனை எல்லாம் நடந்தன. இரண்டாண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு எப்படியும் போகட்டும். ஒரு ஊரில் தெருவுக்கொரு தொட்டி கட்டச் சாதி பார்த்து நிதி ஒதுக்கத் தெரிந்த நமக்கு, அந்தத் தொட்டிக்கு நல்லதாக ஒரு மூடியும் பூட்டும் போடத் தெரியவில்லை. பூட்டு இல்லாத தொட்டிக்குக் காவல் யார்? அதே ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பது, காலனிக்குக் கடைசியில் எவ்வளவு விடுவது என்ற ஊர் அரசியலுக்கெல்லாம் பலி யார்? அவரேதான்.

குடித்த தண்ணீர் கழிவாக வெளியேறும்போதும் கதை மாறாது. "கையோட அந்த அடைப்பையும் எடுத்துவிட்டுருப்பா" என்று சொல்ல யாருக்கும் நாக்கூசுவதில்லை. மனிதனைக் கழிவுநீர்க் குழியில் இறக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் போட்டாயிற்று. இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே காலத்தில் கிராம ஊராட்சித் தூய்மைக் காவலருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று உயர்த்தி, அதற்கும் பாராட்டு வாங்கிக்கொண்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 60,000. அந்த 30 லட்சத்தை உயிரோடு சம்பாதிக்க ஐம்பது ஆண்டு வேலை செய்ய வேண்டும். குழிக்குள் செத்தால் ஒரே நாளில் கிடைக்கிறது. உழைப்பைவிடச் சாவுக்கு நல்ல விலை வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, கிராமத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று புலம்புகிறோம்.

கூட்டம் போட்டுப் பாராட்டுங்கள் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. பொன்னாடை வேண்டாம், "முன்களப் பணியாளர்" பட்டம் வேண்டாம். பட்டம் கொடுத்தவர்கள் பிறகு சம்பளம் கொடுப்பதில்லை என்பதைக் கொரோனா காலத்திலேயே எல்லோரும் பார்த்தாயிற்று. அவர்களுக்கு வேண்டியது காலமுறை ஊதியம், கைப்பிடி உள்ள ஏணி, மாதாமாதம் சோதனை மருந்து, ஒரு தராசு, எதற்கு எவ்வளவு போடவேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லித்தரும் பயிற்சி. ஒரு திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகிற செலவில் ஒரு ஒன்றியத்துக்கே தராசும் மருந்தும் வாங்கிவிடலாம்.

அதுவும் கஷ்டம் என்றால், பைசாச் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. தொட்டித் தூணில் நீலப் பெயின்டில் எழுதுகிறீர்களே, அதே டப்பாவில் மிச்சம் இருக்கும் பெயின்டில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்: "ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுத்த நாள், அடுத்து கொடுக்கும் நாள்." அந்தத் தேதிகளையும் சாட்டிலைட் பார்க்கட்டும்.