ஒற்றை வாத்து

கேள்வி: குடமுருட்டிக் கரையோரம் வீடு. கொல்லையில் வாத்து வளர்க்க ஆசை. ஒன்று போதுமா?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: ஒன்றே ஒன்று வாங்கினால் உங்களையே கூட்டமாக நினைத்துக்கொண்டு அடுப்படி வரை பின்னாலேயே வரும். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டி வருகிறார்களே, பார்த்ததில்லையா? தனிக்குடித்தனம் அதற்கு ஆகாது. ஆறு வாங்குங்கள்: ஐந்து பெட்டை, ஒரு ஆண். ஆண் இரண்டானால் தினமும் பஞ்சாயத்து உங்கள் தலையில்தான். முட்டை கிடைக்கும், குஞ்சுதான் சந்தேகம். காக்கி கேம்பெல் போன்ற ரகங்களுக்கு அடைகாக்கப் பொறுமை கிடையாது. முட்டைகளைக் கோழியிடம் அடை வையுங்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. பாவம், ஒரு வாரம் ஓவர்டைம். பொரிந்த குஞ்சுகள் வாய்க்காலில் இறங்கும்போது கரையில் நின்று அந்தக் கோழி போடும் கூச்சலைப் பற்றி அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.