பூட்டும் சாவியும் ஒரே கடையில்

மாரண்டஹள்ளியில், சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் ஆசை வந்தவருக்கு முதல் சோதனை மதர்போர்டு. இன்டெலில் வேகப் பெருக்கியைக் கூட்ட, பெயரின் கடைசியில் 'கே' போட்ட பிராசஸரும் இஸட் வரிசை சிப்செட்டும் வேண்டும். மலிவான பி வரிசையில் 'கே' சிப்பைப் பொருத்தினாலும் பெருக்கி அசையாது. வேகத்தைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தனியாக விற்கிற வியாபாரம். ஏஎம்டி கொஞ்சம் தாராளம்: ஏஎம்4 சாக்கெட் ரைசனுக்கு பி450, பி550 போதும், ஏ320 ஆகாது.

கடையில் காட்டுவது வண்ண விளக்கை. பார்க்க வேண்டியது விஆர்எம்: 12 வோல்ட்டை ஒன்றே கால் வோல்ட் அளவுக்கு இறக்கிச் சிப்புக்கு ஊட்டுகிற பகுதி. அதன் தலையில் கனமான ஹீட்சிங்க் இல்லையென்றால், சித்திரை வெயிலில் அது சூடேறி, சிப் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளக்கு மட்டும் மாரியம்மன் பண்டிகை சீரியல் செட்டாக மின்னிக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் இன்றைய சிப்புகள் டர்போவில் தாமே உச்சிக்கு ஓடிவிடுகின்றன. கையால் கூட்டுவது சொற்பம். சொன்னால் யார் கேட்கிறார்கள்? ரயிலேறி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இஸட் போர்டு வாங்கிவந்து, ஐந்து கிகாஹெர்ட்ஸில் பார்ப்பது பாலக்கோடு தக்காளி விலையை. அது காலையில் ஏறி மாலையில் இறங்க எந்த போர்டும் கேட்பதில்லை.