அம்மி புதுசு, குழவி பழசுங்களா மாப்ளே?

வாங்க மாப்ளே. கார் ஒர்க்‌ஷாப்புலயா நிக்குது? முன்னாடி பிரேக் டிஸ்க் ரெண்டும் புதுசு போடச் சொல்லிப்போட்டு, பேடு மட்டும் பழசே போதும்னீங்களாமா. கல்யாணத்துக்குத் தெருவு பூரா சீரியல் லைட்டுக் கட்டுன கையி, பேடுகிட்ட வந்து சிக்கனம் புடிக்குது. பொழைக்கத் தெரிஞ்ச மருமகன்தான்னு எங்க அக்காகிட்டச் சொல்லிர்றேன்.

காயிதத்துல சுத்தி வெச்சிருக்கறது அந்தப் பேடுங்களா? கொண்டாங்க. இந்த இரும்பு ஸ்கேலை மேல நிறுத்தி வெயிலுக்கு நேராப் புடிக்கறேன், அடியில பாருங்க. வெளிச்சம் தெரியுதுங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு வரி. பழைய டிஸ்க்குல மேடு இருந்த எடமெல்லாம் இதுல பள்ளம், பள்ளம் இருந்த எடமெல்லாம் மேடு.

எங்க அக்கா வூட்டு அம்மியப் பாத்திருக்கறீங்களே, நடுவால குழிஞ்சு கெடக்கும். அதுக்குத் தக்கன குழவியும் வயிறு பெருத்துப் போச்சு. அந்தக் குழவிய ஒரு புது அம்மியில போட்டு அரைச்சா, நடுவுல சட்டினி, ஓரத்துல முழுத் தேங்கா. உங்க காரும் அப்புடித்தானுங். பேடு மேட்டுல மட்டும் தொடும். தொட்ட எடம் காயும், தொடாத எடம் வேடிக்கை பாக்கும். நீங்க மிதிப்பீங்க, வண்டி யோசிச்சு நிக்கும். புது டிஸ்க்கும் பாழு.

பேடு போட்டு ரெண்டு மாசந்தான், ஸ்கேலுக்கடியில வெளிச்சம் வல்ல, வெடிப்பில்ல, கண்ணாடியாட்டம் மினுங்கலைன்னா நானே பழசைப் போடுங்கன்னுருவேன். காசு என்ன மரத்துலயா காய்க்குது? ஆனா புதுப் பேடு 10, 12 மில்லி கனம் இருக்கும். 3க்கு வந்தா கதை முடிஞ்சுது. உங்களுது 4. அதும் உள்பேடு தேஞ்சு, வெளிப்பேடு குண்டாக் கெடக்குது. கேலிப்பர் பின்னு இறுகியிருக்கும், கழட்டி கிரீஸ் வெக்கச் சொல்லுங்க. இந்த லட்சணத்துல கொல்லிமலைக்கு வேற போறீங்களாமா. 70 கொண்டை ஊசி வளைவு மாப்ளே! எறங்கையில அறப்பளீஸ்வரரு எத்தனை வளைவுலதான் வந்து நிப்பாரு? ரெண்டாங் கியர்ல எறங்குவீங்களோ, இல்ல பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல வுடுவீங்களோ!

பேசாம புதுப் பேடே போட்டுருங்க. புது டிஸ்க்குல துருப்புடிக்காம எண்ணெ பூசித்தான் அனுப்புவாங்க, அதை கிளீனர் அடிச்சுத் தொடைக்கோணும். ஹப்புல இருக்கற துருவையும் ஒரசி எடுக்கோணும். ஒரு பொறுக்கு நின்னாலும் டிஸ்க் கோணும், அப்பறம் ஸ்டியரிங் தாளம் போடும்.

புது அம்மியில மொதல்ல அரிசியப் போட்டு அரைச்சுக் கீழ கொட்டுவாங்க, தெரியுமுங்களா? அதே கதைதான். ஆளில்லாத ரோட்டுல 50 வேகத்துல போயி 10க்குக் கொண்டாங்க, முழுசா நிறுத்தப்படாது. எட்டுப் பத்துத் தடவை, நடுநடுவால ஆறவுட்டு. பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகிக்கும். புதுசாக் கல்யாணமானவருக்கு இதை நான் வெளக்கோணுமா!

ஒண்ணு மட்டும் மறந்துறாதீங்க. பேடு மாத்தையில பிஸ்டனை உள்ள தள்ளியிருப்பாங்க, மொத மிதி காத்துல காலு வெச்சாப்பல போயிரும். வண்டி நவுர்றதுக்கு முந்தியே, பெடல் கல்லாட்டம் ஆவற வரைக்கும் மிதிங்க. போன வருசம் எங்க மச்சான் மறந்துபோட்டு, இதே வாசல்லதான் வண்டிய எடுத்தாரு. அந்தக் கோழிக்கூண்டு ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது பாருங்க. முட்டைக் காசு இன்னும் வரவேண்டியிருக்குதுங்.