கருவாட்டு வணிகத்தில் வேலை வரிசைக் கோட்பாடு: ஒரு முன்னாய்வு

வீட்டிலிருந்தபடி இணைய வணிகம் செய்வோர் எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லும் நூல்கள் உலகில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் எமது பார்வைக்குக் கிட்டிய ஒன்றுகூடக் காக்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அக்குறையைக் களையும் பொருட்டு, ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் வட்டாரத்தில் மொட்டைமாடியில் கருவாடு காயவைத்து வாட்ஸ்அப்பில் விற்கும் அக்காமாரை முன்வைத்து இவ்வாய்வு எழுதப்படுகிறது. முண்டு மிளகாய் அனுப்புவோர் ஆய்வெல்லைக்குள் வரவில்லை; அதற்கு 2023இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் எமது ஆதரவு தேவைப்படாது. கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பையும் சேர்க்கத்தான் எண்ணினோம். வாங்கிவந்த மாதிரி ஆய்வு தொடங்கும்வரை எஞ்சவில்லை.

முன்னாய்வுகளுள் தலையாயது ஐசனோவர் கட்டம். அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர், ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக, அவசரமானது வேறு முக்கியமானது வேறு என்று 1954இல் பேசினார். 1989இல் ஸ்டீபன் கவி அதை நான்கு கட்டங்களாக்கித் தம் நூலில் போட்டார். அன்றுமுதல் பயிற்சி வகுப்பு எடுப்போருக்குப் பிழைப்பில் குறைவில்லை. அந்தக் கட்டத்தைத் தங்கச்சிமடத்து மொட்டைமாடி ஒன்றில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து சோதித்தோம். சற்று நேரத்தில் நான்கு கட்டத்திலும் காரல் பரப்பப்பட்டுவிட்டது. “கோடு போட்டது நல்லதாப் போச்சு தம்பி, மீனை மிதிக்காம நடக்கலாம்” என்றார் அக்கா. கோட்பாட்டுக்குக் கிடைத்த முதல் நடைமுறைப் பயன் இதுவே.

திங்கட்கிழமைக் காலையில் வாரப் பட்டியல் எழுது என்பது நூலோர் விதி. ராமேசுவரத்து விசைப்படகுகளோ திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எனவே கருவாட்டு அக்காவுக்கு வாரம் என்பது செவ்வாய், வியாழன், ஞாயிறு என மூன்று முறை பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வரும், தபால் போகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், காயப்போட மீன் போதாது. ஐப்பசி கார்த்திகையில் மீன் இருந்தாலும் வெயிலைத் தேட வேண்டும். தொழில்முனைவோர் பயிற்சி முகாம் எதற்கும் இயற்கை வந்து கையெழுத்துப் போட்டதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இனி களஆய்வு. உப்பில் ஊறிய மீனை அலசி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் பரப்பி, மேலே பழைய வலையை இழுத்துக் கட்டி, ஓரங்களுக்குச் செங்கல் வைக்கிறார் அக்கா. கடைசிச் செங்கல் கையில் இருக்கும்போது போன் அடிக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கட்டைவிரலைப் போன் அடையாளம் காண மறுக்கிறது. புடவையில் துடைத்துப் பார்க்கிறார், ஊதிப் பார்க்கிறார், கடைசியில் கடவு எண்ணை மூக்கு நுனியால் அழுத்துகிறார். திறந்தால் “ஹாய்” என்று ஒரு செய்தி. அதற்குமேல் ஒன்றுமில்லை. இதற்குள் செங்கல் வைக்காத மூலையைக் காக்கை கண்டுபிடித்துவிட்டது.

தரவுகளிலிருந்து திரண்ட ‘காக்கை விதி’ வருமாறு: எந்த வேலையைத் தள்ளிப்போட்டால் வேறோர் உயிர் வந்து அதை முடித்துவைக்குமோ, அதுவே முதல் வேலை. “ஹாய்” சொன்னவர் மாலைவரை கெட்டுப்போக மாட்டார். புரட்டிப்போடாத மீன் அப்படி அன்று. மதியம் புரட்டுவது, கொண்டல் மேகம் கூடினால் வாரி உள்ளே வைப்பது, பார்சல் எடுக்கும் பையன் வருமுன் வாடை கசியாமல் இரட்டைக் கவரில் அடைப்பது, எல்லாம் முடிந்தபின்தான் போன். “நாத்தம் வராத கருவாடு இருக்கா?” என்ற கேள்விக்குப் பதில் மறுநாளைக்கும் தாங்கும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து, “பாலம் தூக்குற வீடியோ அனுப்புங்க அக்கா” என்பாரும் உளர். இவர்கள் அரைக் கிலோ நெத்திலிகூட வாங்குவதில்லை என்பதைத் தனியே பதிவு செய்கிறோம்.

சோலார் உலர்கூடம் வாங்கினால் காக்கைத் தொல்லை தீராதா என்பர் மறுப்பாளர். தீரும், அந்த இடத்தில் கடன் தவணை வந்து உட்காரும்.

ஐசனோவரை முற்றாகத் தள்ளுவதும் முறையன்று. 1944 ஜூன் 5ஆம் தேதிக்குக் குறித்த நார்மண்டிப் படையெடுப்பை, வானிலை சரியில்லை என்று கேட்டு ஒரு நாள் தள்ளி 6ஆம் தேதி நடத்தியவர் அவர். வானத்தைப் பார்த்து வேலையை மாற்றத் தெரிந்த அந்த மனிதர் பாம்பனில் பிறந்திருந்தால் நல்ல கருவாட்டு வியாபாரி ஆகியிருப்பார் என்பது எம் துணிபு. கட்டம் போட்டவர்கள்தாம் மாடியேறிப் பார்க்கவில்லை.

கருவாடு வாங்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மீன் பெயர், எடை, முகவரி, பின்கோடு எல்லாவற்றையும் ஒரே செய்தியில், பொழுது சாய்ந்தபின் அனுப்புங்கள். “ஹாய்” தேவையில்லை.